நடப்போரும் ஓடுவோரும்

நெறி என்னும் தமிழ்ச்சொல் கால் நடக்கும் வழியையும் குறிக்கும். மாந்தர் ஒழுகும் முறையையும் குறிக்கும். ஒரே சொல்லுக்கு இவ்விரு பொருளும் அமைந்திருப்பது பொருத்தமே. பலரும் நடக்கும் வழியிலே ஒருவன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பதைக் கண்டே அவனுடைய ஒழுக்கத்தை ஓரளவு அறிந்துவிடலாம். வீட்டிலே பெரியோர் உளர்; பள்ளியிலே ஆசிரியர் உளர்; அலுவலகத்திலே மேலதிகாரி உளர். அங்கெல்லாம் பணிவு அச்சத்தாலும் வரும். பயன் கருதியும் வரும். தெருவிலோ எதிரே வருபவர் யார் எவரென்று தெரியாது. மறுநொடியில் அவர் கடந்து போய்விடுவார். அவருக்கு வழிவிட்டால் புகழும் இல்லை. விடாவிட்டால் பெரும் பழியும் இல்லை. ஆகவே அங்கே ஒருவன் காட்டும் பணிவு கலப்பற்ற பணிவாகும்.

இச்சிறு பண்பு உயிரச்சத்தோடு பிணைந்து பெரும்பொருளாகிய காலம் ஒன்று அண்மையில் வந்து சென்றது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் சீனநாட்டு ஊகான் நகரில் முதலில் அறியப்பட்ட கோவிட் 19 என்னும் நோய், சில திங்களுக்குள் நாடுகள் பலவற்றிலும் பரவியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. மூச்சாலும் பேச்சாலும் இருமலாலும் தும்மலாலும் பரவும் அந்நோய்க்கு அப்போது தடுப்பூசி இல்லை. ஒருவரைவிட்டு ஒருவர் விலகி நிற்பதொன்றே எளிய காப்பாக இருந்தது. அங்காடியில் விலகி நிற்கலாம். வங்கியில் கோடு கிழித்து வரிசை அமைக்கலாம். ஆனால் ஒருவர் நடந்தும் ஒருவர் ஓடியும் செல்லும் குறுகிய நடைபாதையில் யார், யாருக்கு, எவ்வாறு விலகுவது? இவ்வினா இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனிலே மிகக் கூர்மையாக எழுந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் அந்நாட்டின் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டன. மூன்று நாள் கழித்து, 23ஆம் நாள் இரவு, தலைமை அமைச்சர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, மக்கள் வீட்டிலேயே தங்கவேண்டும் என்று அறிவித்தார். உணவு வாங்கவும், மருத்துவத் தேவைக்கும், தவிர்க்கவியலாத பணிக்கும் வெளியே செல்லலாம். அவற்றோடு நாளுக்கு ஒருமுறை உடற்பயிற்சியின் பொருட்டும் செல்லலாம். ஓடலாம், நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம். தனித்தோ வீட்டாருடனோதான் செல்லவேண்டும். பிறரிடமிருந்து 2 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பதும் விதியாயிற்று.

நாள் முழுதும் வீட்டுக்குள் அடைந்து கிடப்போர்க்கு அந்த ஒருவேளை உலா எத்துணை அருமையானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு நடவாதவரும் நடந்தனர். கூடத்திலே பொறிகளின்மேல் ஓடிப் பழகியவர்கள் தெருவிலே ஓடத் தலைப்பட்டனர்; ஒருநாளும் ஓடாதவரும் புதிதாக ஓடத் தொடங்கினர். தெருவில் ஓடுவதற்கென்று ஒரு முறைமை உண்டு. பழகியவர்க்கு அது கால்களிலேயே படிந்திருக்கும். புதியோர்க்கு அதனைக் கற்பிப்பார் இல்லை. ஆகவே இரு திறத்தாருக்குமிடையே மனத்தாங்கல் வளர்ந்தது. ‘முதுகின் பின்னே இரைக்க இரைக்க ஓடிவந்து, தோளை உரசுவதுபோல் கடந்து செல்கின்றனர்’ என்பது நடப்போர் முறையீடு. ‘பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நடக்கின்றனர், கைப்பேசியில் கண்ணை வைத்துக்கொண்டு எதிரே வருகின்றனர்’ என்பது ஓடுவோர் முறையீடு. இரண்டிலும் உண்மை இருந்தது. எனினும் இரண்டும் ஒரே எடை உடையன அல்ல. அதனை ஆராயுமுன் இடத்தின் கணக்கை அறிதல் வேண்டும்.

மனிதர் ஒருவரின் தோளகலம் ஏறத்தாழ அரை மீட்டர். இருவர் எதிரெதிரே கடக்கும்போது அவர்களிடையே 2 மீட்டர் இடைவெளி இருக்கவேண்டுமாயின், அரையும் இரண்டும் அரையுமாக 3 மீட்டர் அகலமுள்ள பாதை வேண்டும். அந்நாட்டில் 2007ஆம் ஆண்டு வெளிவந்த தெருவமைப்பு வழிகாட்டி நூலோ, நடைபாதையில் தடையற்ற அகலம் பொதுவாக 2 மீட்டரேனும் இருக்கவேண்டும் என்கின்றது. அவ்வகலமும் அமையாத பழந்தெருக்கள் இலண்டனில் பல. அமைந்த இடத்திலும் விளக்குக் கம்பம், மரம், குப்பைத்தொட்டி ஆகியன தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். பெருந்தொற்றுக் காலத்தில் கடைகளுக்கு வெளியே நின்ற நீண்ட வரிசைகளும் சேர்ந்துகொண்டன. 2 மீட்டர் பாதையில் ஒருவர் சுவரையும் மற்றவர் விளிம்பையும் ஒட்டி நடந்தாலும் இடையே எஞ்சுவது 1 மீட்டரே. எவ்வளவு நல்ல மனத்தோடு நடந்தாலும் விதியின்படி நடக்க அங்கே இடமில்லை. யாரேனும் ஒருவர் பாதையைவிட்டுச் சாலையில் இறங்கியே ஆகவேண்டும். யார் இறங்குவது என்பதே வழக்கின் உயிர்நிலை.

காற்றின் கணக்கையும் பார்ப்போம். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்வாங்கி வெளிவிடுகின்றார். விரைந்து ஓடுபவரோ 50 லிட்டருக்கும் மேலாக உள்வாங்கி வெளிவிடுகின்றார். மூச்சு மிகுவதால் அவரைக் கண்டு அஞ்சுதல் இயல்பே. 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த காற்றியல் அறிஞர் பெர்ட் பிளாக்கன் என்பாரும் உடனாய்வாளரும் கணிப்பொறியின் துணையால் ஒன்றை வரைந்து காட்டினர். ஒருவருக்கு நேர் பின்னே மற்றொருவர் செல்லுங்கால், முன்னவர் விடும் நீர்த்துளிகள் பின்னவர்மீது படலாம். இதைத் தவிர்க்க, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு ஏறத்தாழ 5 மீட்டரும், மணிக்கு 14.4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு ஏறத்தாழ 10 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பக்கவாட்டில் விலகிச் சென்றால் இவ்வளவு தொலைவு வேண்டியதில்லை என்பதும் அதிலேயே இருந்தது. ஆயினும் ஓடுவோரைக் காட்டும் வண்ணப்படமே உலகெங்கும் பரவியது, மற்றது பரவவில்லை.

அவ்வாய்வு பிற அறிஞரின் மதிப்பீட்டைப் பெறுமுன்னரே மக்களிடம் சென்றுவிட்டது. காற்று வீசாத நிலையைக் கொண்டு செய்யப்பட்ட கணக்கு அது. துளி எங்கே விழும் என்று அது காட்டியதே அன்றி, அத்துளியால் நோய் பற்றுமா என்று காட்டவில்லை. பின்னர் வந்த ஆராய்ச்சிகளால் அந்நோய் பெரும்பாலும் காற்றோட்டமற்ற அறைகளிலேயே பரவியது என்பதும், திறந்த வெளியில் பரவியது மிகச் சிறு பங்கே என்பதும் தெளிவாயின. திறந்த வெளியில் மூச்சுக்காற்று பெருங்காற்றோடு கலந்து விரைவில் நீர்த்துப்போகின்றது.

கடந்து செல்லும் நேரமும் மிகக் குறுகியது. இதனை மாணவர் தாமே கணக்கிட்டு அறியலாம். ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்க, மற்றொருவர் 11 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே ஓடிவருவாராயின், இருவரும் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகின்றனர். அஃதாவது நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல். 2 மீட்டர் அணுகுவதற்கும் 2 மீட்டர் அகல்வதற்கும் ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அவரே பின்னிருந்து வந்து முந்திச் செல்வாராயின் கணக்கு மாறும். வேக வேறுபாடு மணிக்கு 6 கிலோமீட்டரே ஆதலால், அதே 4 மீட்டரைக் கடக்க இரண்டரை நொடியளவு ஆகும். மேலும் எதிரே வருபவரைக் கண் காண்கின்றது. பின்னே வருபவரைக் காண்பதில்லை. திடுக்கிடச் செய்வது பின்னிருந்து வரும் காலடியே. எனவே முறையறிந்து ஓடுபவர் முந்தும்போதே மிகுந்த கருத்தோடிருப்பார்.

இவ்வாறாயின், ‘நோய் பற்றுவது அரிது, ஆகவே நடப்போர் வீணே அஞ்சினர்’ என்று ஓடுவோர் வாதிக்கலாமே எனின், அது பொருந்தாது. அந்நாளில் இவ்வளவு தெளிவு ஒருவரிடமும் இல்லை. மேலும் அச்சம் எல்லார்க்கும் ஒரு படித்தன்று. இருபது வயது இளைஞர்க்கு அந்நோய் சில நாட் காய்ச்சலாய்ப் போகலாம். எழுபதைக் கடந்தவர்க்கு உயிரையே கொண்டுபோகலாம். இங்கிலாந்தில் புற்றுநோய் மருத்துவம் பெறுவோர், உறுப்பு மாற்றப் பெற்றோர் முதலிய, நோயால் எளிதில் தாக்குறும் ஏறத்தாழ 22 லட்சம் மக்களை வாயிற்படி தாண்ட வேண்டா என அரசு அறிவுறுத்தியிருந்தது. 2020 சூன் முதல் நாள் தொட்டே அவர்கள் நாளுக்கு ஒருமுறை வெளியே வரலாயினர். இரண்டு திங்களுக்கும் மேலாகச் சாளரத்தின் வழியே மட்டும் தெருவைக் கண்ட ஒருவர், கதவைத் திறந்து முதன்முதலாக நடைபாதையில் கால்வைக்கும்போது, இளைஞர் ஒருவர் கைவீச்சு எட்டும் தொலைவில் பாய்ந்தோடிக் கடந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்! அவர் மறுநாள் வெளியே வாராதிருக்கவும் கூடும். அவ்வாறாயின் ஓடியவர் தாம் அறியாமலே ஒருவரின் ஒருநாட் காற்றைப் பறித்துக்கொண்டவர் ஆவார்.

ஓடுவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஓட்டம் வீண்பொழுதுபோக்கன்று; பலர்க்கு அது உடல்நலத்தின் வேர்; அடைபட்ட அந்நாளில் மனநலத்தின் வேராகவும் இருந்தது. அடிக்கடி நின்று நின்று ஓடினால் மூச்சின் ஒழுங்கு கெடும். சட்டமும் நடப்பவரையும் ஓடுபவரையும் பிரித்துக் காணவில்லை; நடைபாதை இருவருக்கும் உரியதே. ஆயினும் உரிமை ஒத்திருந்தாலும் ஆற்றல் ஒத்ததன்று. ஓடுபவர் தாமே வேகத்தைக் கூட்டுகின்றார். தாமே குறைக்கவும் வல்லவர். விளிம்பிலிருந்து துள்ளிச் சாலையில் இறங்குவதும் மீண்டும் ஏறுவதும் அவருக்குப் பயிற்சியின் ஒரு பகுதியே. முழங்கால் நோவுள்ள முதியவர்க்கு அந்த ஒரு சாண் உயரம் ஒரு மலை. சக்கர நாற்காலியில் செல்பவர் இறங்கவே இயலாது. குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்லும் தாய் இறங்கினால் அது குழந்தைக்கு இடர்.

பார்வையற்றோர் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெண்கோல் நிலத்திலுள்ள தடையை அறிவிக்கும். 2 மீட்டருக்கு அப்பால் வரும் மனிதரை அறிவிக்காது. பார்வையற்றோரை அழைத்துச் செல்லப் பழக்கப்பட்ட நாய்கள் தூண், படி, வண்டி ஆகியவற்றைத் தவிர்க்கக் கற்றவை. பெருந்தொற்றுக்கென வகுத்த இடைவெளியை அவை அறியா. வரிசையில் நிற்போரைத் தாண்டி நாய் தன் தலைவரை நேரே கடைவாயிலுக்கு அழைத்துச் சென்றதும் உண்டு. விவரம் அறியாதார் அவரைக் கடிந்துகொண்டதும் உண்டு. செவிப்புலன் குன்றியோர்க்குப் பின்னிருந்து எவ்வளவு குரல் கொடுத்தாலும் கேளாது. குரல் கொடுத்தும் ஒருவர் விலகவில்லையெனில் அவரைச் செருக்குடையவர் என்று முடிவு செய்தல் கூடாது. அவர்க்குக் கேட்டிராது என்று கொண்டு தாமே விலகிச் செல்வதே அறிவுடைமை.

ஆகவே இவ்வழக்கில் தீர்ப்பு ஒரு பக்கமே சாயும். விலக வல்லவர் விலகவேண்டும். இருவரும் வல்லவராயின் விரைந்து வருபவர் விலகவேண்டும். இது இரக்கத்தால் வழங்கும் சலுகை அன்று. வேகத்தை மேற்கொண்டவர் அதனோடு சேர்த்து மேற்கொள்ளும் கடமை ஆகும்.

அக்கடமையைச் செய்யும் முறை அரியதொன்றன்று. முதலில் காலமும் இடமும் தேர்தல் வேண்டும். விடியுமுன் ஓடுபவர்க்குத் தெரு முழுதும் சொந்தம். ஊரார் உலாவரும் மாலையில் கடைத்தெருவில் ஓடுவேன் என்பது அடம். பத்து மீட்டர் பின்னே இருக்கும்போதே மென்மையாகக் குரல் கொடுத்தால், மேற்கண்ட கணக்கின்படி, நடப்பவர்க்கு ஆறு நொடிக் காலம் கிடைக்கும். முதுகருகே வந்து கத்தினால் அவர் துணுக்குற்று எந்தப் பக்கம் விலகுவதென்று அறியாமல் ஓடுபவரின் வழியிலேயே வந்து விழுவார். கடந்து முடித்து இரண்டு மூன்று மீட்டர் சென்றபின்னரே பாதையின் நடுவுக்குத் திரும்புதல் நன்று. வழியில் துப்புதல் எக்காலத்தும் இழிவு, நோய்க்காலத்தில் குற்றம். தெருமுனையில் எதிரே வருபவர் தெரியாராதலின் அங்கே ஓட்டத்தை நடையாக்கவேண்டும். சாலையில் இறங்குவதாயின் திரும்பிப் பார்த்தே இறங்கவேண்டும். அந்நாள்களில் பிரித்தானியாவின் ஊர்திப் போக்குவரத்து வழக்கத்தில் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது உண்மையே. ஆனால் வெறிச்சோடிய சாலையில் வந்த சில வண்டிகள் மிகு விரைவாகவும் வந்தன. வண்டிகள் இடப்புறம் செல்லும் நாட்டில், நடைபாதையில்லாத சாலையில் வலப்புறமாகச் செல்பவர்க்கே எதிர்வரும் வண்டி கண்ணிற்படும். இது நம் நாட்டுக்கும் பொருந்தும்.

நடப்போர்க்கும் சில கடமைகள் உண்டு. மூவர் நால்வர் கைகோத்துப் பாதையை அடைத்து நடத்தல், நாயை ஒரு விளிம்பிலும் தம்மை மறு விளிம்பிலும் வைத்து இடையே வாரைக் கயிறாகக் கட்டுதல், காதில் பாட்டுக் கருவியைப் பொருத்திக்கொண்டு சுற்றுலகை மறத்தல் ஆகியவை ஓடுபவரின் பொறுமையைச் சோதிப்பன. நேர்க்கோட்டில் நடப்பவரைக் கடப்பது எளிது. அங்குமிங்கும் அலைந்து நடப்பவரைக் கடப்பது அரிது. வழிவிட்டவர்க்குத் தலையசைத்து நன்றி தெரிவித்தலும் வேண்டும். முகக்கவசம் புன்னகையை மறைத்த அந்நாளில் தலையசைப்பும் கையசைப்பும் புன்னகையின் வேலையைச் செய்தன.

இங்கே சொல்லொன்றைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். இந்நோய்க்காலத்தில் தமிழ்நாட்டில் ‘சமூக விலகல்’ என்றும் ‘சமூக இடைவெளி’ என்றும் இரு தொடர்கள் வழங்கின. பின்னதே தக்கது எனப் பலர் கருதினர். ‘உடல் இடைவெளி’ என்பது அதனினும் தக்கது என்றாரும் உளர். இதில் சொல்லாராய்ச்சிக்கு மேலும் ஒன்று உண்டு. ‘ஒதுங்கு’, ‘விலகு’ என்னும் ஏவற்சொற்கள் நம் நாட்டில் நீண்ட காலம் தாழ்த்தப்பட்ட மக்களை நோக்கியே கூறப்பட்டன. சில தெருக்களில் அவர்கள் நடத்தலே குற்றமெனப்பட்டது. திருவிதாங்கூரைச் சேர்ந்த வைக்கம் என்னும் ஊரில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமை வேண்டி 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் தொடங்கிய அறப்போர் 1925ஆம் ஆண்டு நவம்பர் வரை நடந்தது. ஈரோட்டிலிருந்து சென்று அதில் கலந்துகொண்ட பெரியார் ஈ.வெ. இராமசாமி சிறைப்பட்டார். அப்பழைய ஒதுங்கல், வலியார் மெலியாரை ஒதுக்கியது. நோய்க்காலத்து நடைபாதை வேண்டியதோ அதற்கு நேர்மாறானது; மெலியார் நேரே நடக்க, வலியார் ஒதுங்குவது. தோற்றத்தில் இரண்டும் ஓரடி விலகலே. பொருளிலோ மண்ணுக்கும் விண்ணுக்கும் உள்ள வேறுபாடு.

இலண்டனில் இப்பண்பு கடுஞ்சோதனைக்கு உள்ளான இடம் ரீஜென்ட்ஸ் கால்வாய்க் கரையாகும். 1820ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அக்கால்வாய், நகரின் வடபகுதியை வளைத்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஓடுகின்றது. அதன் கரையிலுள்ள பாதை உலாவுவதற்கென அமைந்ததன்று. சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற குதிரைகளுக்காக அமைந்தது. குதிரைகள் போயின, நடப்போரும் ஓடுவோரும் மிதிவண்டியரும் வந்தனர். பல இடங்களில் அப்பாதை 2 மீட்டர் அகலமும் இல்லாதது. பாலங்களின் அடியில் இன்னும் குறுகும். ஒருபுறம் சுவர்; மறுபுறம் நீர். சாலையிலேனும் ஓரமாக இறங்கலாம்; இங்கே இறங்கினால் கால்வாயில்தான் இறங்கவேண்டும்!

கரையோரமாகப் படகுகள் பல கட்டப்பட்டிருக்கும். அவை வாணிகப் படகுகள் அல்ல. மக்கள் குடியிருக்கும் வீடுகள். அவற்றின் சாளரங்களும் கதவுகளும் பாதையிலிருந்து கையெட்டும் தொலைவில் உள்ளன. உள்ளிருப்போர் காற்றுக்காகச் சாளரத்தைத் திறந்தால், வெளியே மூச்சிரைக்க ஓடுவோர் ஒருவர்பின் ஒருவராகக் கடப்பர். ஊரார் எல்லாரும் உலாவச் செல்லும் இடம் அவர்களுக்கு வீட்டுத் திண்ணை. கால்வாய்களைப் பேணும் அறநிறுவனம், நெருக்கமுள்ள கரைப்பாதைகளைக் கூடியவரை தவிர்க்குமாறும், படகுகளின் அருகே செல்வோர் அங்கே வாழ்வோரை நினைவிற்கொள்ளுமாறும் மக்களை வேண்டியது. வேண்டுகோளைக் கேட்டு வேறு வழி நாடியோர் உண்டு, கேளாதாரும் உண்டு.

கேளாதார் எல்லாரையும் பழித்தல் நேர்மையாகாது. அக்கால்வாயை அடுத்துக் கிழக்கிலண்டனில் விக்டோரியா பூங்கா உள்ளது. தோட்டமில்லா அடுக்குவீடுகளில் நெருங்கி வாழும் மக்களுக்கு அதுவே வெளி. அங்கே மக்கள் இடைவெளி பேணாது கூடினர் எனக் கூறி, 2020 மார்ச்சு 25ஆம் நாள் அப்பூங்காவை மூடிவிட்டனர்; ஏப்பிரல் 11ஆம் நாளே மீண்டும் திறந்தனர். அகன்ற புல்வெளியை அடைத்துவிட்டால், அங்கே நடந்தவர் எங்கே செல்வர்? குறுகிய தெருவுக்கும் குறுகிய கரைக்குமே செல்வர். தென்னிலண்டனின் பிராக்வெல் பூங்காவும் ஏப்பிரல் 5ஆம் நாள் ஒருநாள் மூடப்பட்டது. முதல்நாள் அங்கே மூவாயிரவர்க்கு மேல் வந்தமையே காரணம். பெரிய தோட்டமுடைய வீட்டில் அமர்ந்து, பூங்காவுக்குச் சென்றோரைப் பொறுப்பற்றவர் என ஏசுவது எளிது. இடம் இருப்பவன் இடம் இல்லாதவனுக்கு இடைவெளியைப் பற்றி அறிவுரை கூறுவது நகைப்புக்குரியதே.

பிற நாடுகள் காலத்தைப் பங்கிட்டுப் பார்த்தன. பிரான்சில் வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள், நாளுக்கு 1 மணி நேரமே பயிற்சிக்குச் செல்லலாம் என்றிருந்தது. பாரிஸ் நகரம் அதனினும் ஒருபடி சென்று, 2020 ஏப்பிரல் 8ஆம் நாள் முதல், காலை 10 மணியிலிருந்து மாலை 7 மணி வரை ஓட்டம் முதலிய பயிற்சிகளைத் தடைசெய்தது. பகற்பொழுது நடப்போர்க்கு, காலையும் மாலையும் ஓடுவோர்க்கு என்பது கருத்து. ஸ்பெயினிலோ மார்ச்சு நடுவிலிருந்து பெரியவர்கள் பயிற்சிக்காக வெளியே செல்லவே இயலவில்லை. ஏழு வாரம் கழித்து, மே 2ஆம் நாள், கதவு திறந்தது. காலை 6 முதல் 10 வரையும், இரவு 8 முதல் 11 வரையும் ஓடுவோரும் நடப்போரும் செல்லலாம். காலை 10 முதல் 12 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் எழுபது வயது கடந்தோர்க்கும் துணை வேண்டுவோர்க்கும் உரியவை. நண்பகல் 12 முதல் மாலை 7 வரை சிறுவர்க்கு உரியது. மக்கள் ஐயாயிரவர்க்கு மிகாத சிற்றூர்களுக்கு இக்கட்டு இல்லை. பாரிசு முறையினும் இது செம்மையானது என்னலாம். ஓடுவோரை விலக்குவதோடு நில்லாமல், முதியோர்க்கென அச்சமற்ற ஒரு பொழுதைத் தனியே வகுத்தது இதன் சிறப்பு. ஆயினும் முதற்சில நாள்களில் நகரங்களின் உலாவிடங்கள் குறித்த பொழுதில் நிரம்பி வழிந்தன. அடைபட்ட நீரை ஒரே மதகின்வழி விட்டால் விரைந்து பாயத்தானே செய்யும்!

நம் நாட்டில் 2020 மார்ச்சு 25ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கில் காலை உலாவுக்கும் இடமில்லை. சென்னை மெரினாக் கடற்கரை அவ்வாண்டு திசம்பர் 14ஆம் நாளே மக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே இலண்டனில் எழுந்த வழக்கு இங்கே தொடக்கத்தில் எழவே இல்லை. உலாவுவோர் தெருவுக்கு மீண்டபோது, ஓடுவோர்க்கும் நடப்போர்க்கும் முன்பே, நடைபாதையில் நிறுத்திய இருசக்கர வண்டிகளே முதல் எதிரியாக நின்றன என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இலண்டனில் மக்களின் பணிவு எவ்வளவு இருந்தும் 2 மீட்டர் பாதை 3 மீட்டராகவில்லை. அதனைச் செய்யவேண்டியது நகராட்சியின் வேலை. 2020ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் அவ்வேலை தொடங்கியது. கேம்டன் முதலிய பகுதிகளின் கடைத்தெருக்களில், வண்டி செல்லும் சாலையின் ஓரத்தைத் தடுப்புகளால் பிரித்து நடைபாதையோடு சேர்த்தனர். மே 6ஆம் நாள் இலண்டன் மேயர் சாதிக் கான் இதனை நகர் முழுதும் விரிக்கும் திட்டத்தை அறிவித்தார். மூன்று நாள் கழித்து நடுவணரசு நடத்தலுக்கும் மிதிவண்டிக்கும் வழியமைக்க 25 கோடிப் பவுண்டு அவசர நிதியை அறிவித்தது. நேற்றுவரை வண்டிக்குரியதென எண்ணிய இடத்தில் ஒரு தடுப்பை நட்டதும், முதியவர் பழைய பாதையில் நேரே நடந்தார். ஓடுபவர் புதிய பாதையில் வேகம் குறையாமல் ஓடினார். குரல் கொடுக்கவும் வேண்டியதில்லை, முகஞ்சுளிக்கவும் வேண்டியதில்லை. கடைக்கு முன் வண்டி நிறுத்த இடமில்லை என்று குறைகூறிய வணிகர்களும் இருந்தனர். பின்னாளில் சில இடங்களில் தடுப்புகள் அகற்றப்பட்டன. சில இடங்களில் அகலமே நிலைத்தது.

2022ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் பிரித்தானியச் சாலைவிதி நூல் திருத்தப்பட்டது. பிறர்க்கு மிகுந்த தீங்கு விளைக்கவல்ல ஊர்தியைச் செலுத்துவோர்க்கே மிகுந்த பொறுப்பு என்பது அதன் புதிய விதி. சரக்குந்து ஓட்டுபவர் சிற்றுந்துக்கும், சிற்றுந்து ஓட்டுபவர் மிதிவண்டிக்கும், மிதிவண்டியர் நடப்போர்க்கும் இடர் நேராமற் காக்கக் கடமைப்பட்டவர். அவ்வரிசையில் நடப்பவரும் ஓடுபவரும் ‘கால்நடையாகச் செல்வோர்’ என்னும் ஒரே படியில் உள்ளனர். 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கோவிட் 19 நோய்க்கான உலக நெருக்கடிநிலை முடிந்தது என அறிவித்தது. தரையில் ஒட்டிய 2 மீட்டர் அடையாளங்கள் தேய்ந்து மறைந்தன. கால்வாய்க் கரை அதே அகலத்தில் கிடக்கின்றது. பாலத்தின் அடியில் எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் இன்றும் நின்று வழிவிட்டாக வேண்டும்.